ஃப்ரீசர் உறைகிறது, கீழே குளிரவில்லை: கேஸ் போயிருந்தால் ஒரு நாள் அணைத்து வைத்ததும் திரும்பி வருமா?

சாக்பீஸ்:

வணக்கம். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் இரண்டு கதவு, மேலே ஃப்ரீசர், ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை. வாங்கி ஏழு வருடம் ஆகிறது. இத்தனை நாள் ஒரு தொந்தரவும் தரவில்லை, அதனால் அதைப் பற்றி நான் யோசித்ததும் இல்லை. இப்போது ஒரு மாதமாக வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

நடப்பது இதுதான். ஃப்ரீசரில் ஐஸ் கல் மாதிரி உறைகிறது. கீழே மட்டும் நாளுக்கு நாள் குளிர் குறைகிறது. கை வைத்துப் பார்த்துச் சொல்லவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் வைத்திருக்கிறேன், தினமும் காலை 6 மணிக்குப் பார்த்து எழுதுகிறேன். (கணக்கு டீச்சர். எதையாவது எழுதி வைக்காவிட்டால் தூக்கம் வராது.) நல்ல நாளில் 4 டிகிரி. பிறகு 5, 5, 6, 8. அப்புறம் ஒரே தாவலாக 11, 13. இந்த ஏற்றம் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்னால் ஃப்ரீசருக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வரும். சைக்கிள் சக்கரக் கம்பியில் அட்டையைச் செருகி ஓட்டினால் வருமே, அந்தக் கரகரப்பு. இரண்டு நாளில் அதுவும் நின்றுவிடும். கம்ப்ரசர் மட்டும் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் முறை பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்து ஒரு நாள் முழுக்க வைத்தேன். மறுபடி போட்டதும் புதிது மாதிரி ஓடியது. பத்தாம் நாள் பழையபடி. அடுத்த முறை ஒன்பது நாள். அதற்கடுத்த முறையும் ஒன்பது.

மெக்கானிக் ஒருவர் வந்தார். ஃப்ரீசரைத் திறந்தார், மூடினார், பின்பக்கம் குனிந்து கம்ப்ரசரைத் தொட்டுப் பார்த்தார். "கேஸ் குறைஞ்சிருக்கும்மா, நிரப்பணும்" என்றார். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. கேஸ் கசிந்து போயிருந்தால், பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் வைத்ததும் அது எங்கிருந்து திரும்பி வருகிறது, ஒன்பது நாள் இருந்துவிட்டு மறுபடி எங்கே போகிறது என்று கேட்டேன். "அது அப்படித்தாம்மா" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

வீட்டில் ஸ்க்ரூடிரைவர் செட் இருக்கிறது, மகன் விட்டுப்போன மல்டிமீட்டர் இருக்கிறது. ஓம் அளக்கத் தெரியும். எங்கே தொடங்குவது?


மதியத்தூக்கம்:

கதவு ரப்பராக இருக்கும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையே இல்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்றுப் போகிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அதுதான் பிரச்சினை. வெந்நீரில் நனைத்த துணியால் ரப்பரைத் துடைத்து நீவி விட்டதில் சரியாகிவிட்டது.


சாக்பீஸ்:

நன்றி. இரண்டு கதவிலும் சுற்றிச் சுற்றிப் பதினெட்டு இடத்தில் பார்த்தேன். எல்லா இடத்திலும் தாளை இறுகப் பிடிக்கிறது.


திருப்புளி:

டீச்சர், அந்த ஒன்பது நாளை எழுதி வைத்தீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்தது. நான் இருபது வருடத்துக்கு மேல் ஃப்ரிட்ஜ் வேலை பார்த்தவன். இப்போது முதுகு ஒத்துழைப்பதில்லை, அதனால் வாயால் மட்டும் ரிப்பேர் செய்கிறேன்.

கேஸ் போனால் திரும்பி வராது. அணைத்து வைத்ததும் சரியாகி, சொல்லி வைத்த மாதிரி ஒன்பது பத்து நாளில் மறுபடி வருகிற கோளாறு என்றால் முதலில் டிஃப்ராஸ்ட்டைத்தான், அதாவது உள்ளே பிடிக்கும் பனியைத் தானாக உருக்குகிற ஏற்பாட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்றால் பனியே பிடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். பிடிக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிடித்து, நமக்குத் தெரியாமலே உருகிப் போகும், அவ்வளவுதான். ஃப்ரீசரின் பின்சுவராகத் தெரிகிற பிளாஸ்டிக் தட்டுக்குப் பின்னால்தான் கூலிங் காயில் இருக்கிறது. வளைந்து வளைந்து போகும் குழாயில் அலுமினியத் தகடுகளை நெருக்கமாகக் கோத்திருப்பார்கள். உங்கள் வகையில் பெரும்பாலும் மேலுக்கும் கீழுக்கும் சேர்த்து இந்த ஒரு காயில்தான். ஒரு சின்ன ஃபேன் காயில் வழியாகக் காற்றை இழுத்து ஃப்ரீசருக்குள் தள்ளும். அதில் ஒரு பங்குதான் கீழே இறங்கும். காயிலைப் பனி மூடிவிட்டால் காற்றுக்கு வழி அடைபடும். ஃப்ரீசர் காயிலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சமாளித்துக்கொள்ளும், முதலில் பட்டினி கிடப்பது கீழ்த்தட்டு. பனி இன்னும் வளர்ந்து ஃபேன் இறக்கையைத் தொடும்போதுதான் உங்கள் சைக்கிள் அட்டைச் சத்தம். சத்தம் நின்றது நல்ல செய்தி என்று நினைக்காதீர்கள். ஃபேனே பனியில் மாட்டி நின்றிருக்கும்.

இந்தப் பனியை உருக்கக் காயிலுக்கு அடியில் ஒரு ஹீட்டர் உண்டு. அதற்கு நேரம் சொல்கிறவர் டைமர். மாடலைப் பொறுத்து கம்ப்ரசர் 6 முதல் 12 மணி நேரம் ஓடியதும் கம்ப்ரசரையும் ஃபேனையும் நிறுத்தி, 20, 30 நிமிடம் ஹீட்டருக்குக் கரண்ட் கொடுப்பார். இடையில் பைமெட்டல் என்று ஒன்று, காயில் குழாயைக் கவ்விக்கொண்டு பித்தான் மாதிரி இருக்கும். காயில் உறைந்திருக்கும்போது மட்டும் ஹீட்டருக்கு வழி விடும், பனி கரைந்து காயில் 10 டிகிரி பக்கம் வந்ததும் துண்டித்துவிடும். அதுவும் தவறினால் காப்பாற்ற ஒரு தெர்மல் ஃப்யூஸ். 70 டிகிரியைத் தாண்டினால் அறுந்துவிடும், மறுபடி ஒட்டாது. ஹீட்டர், பைமெட்டல், ஃப்யூஸ், டைமர். நாலில் ஒன்றுதான் குற்றவாளி.

இப்போது முக்கியமான விஷயம். பனியை உருக்கிவிட்டுத் திறக்காதீர்கள். எல்லோரும் செய்கிற தப்பு அதுதான். உருகிவிட்டால் சாட்சி போய்விடும். அடுத்த முறை சத்தம் கேட்ட அன்று பிளக்கைப் பிடுங்கிவிட்டு உடனே பின்தட்டைக் கழற்றி, காயிலைப் போட்டோ எடுங்கள். காயில் முழுக்க மேலிருந்து கீழ் வரை சீராக வெள்ளை போர்த்தியிருந்தால் டிஃப்ராஸ்ட் வேலை செய்யவில்லை. கேஸ் நுழைகிற பக்கம் இரண்டு மூன்று வரிசையில் மட்டும் பனி, மீதிக் காயில் வெறுமையாக இருந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி, நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பனியே இல்லையென்றால் கம்ப்ரசர் பக்கம் போக வேண்டும். தகடுகளில் பனி குறைவாகவும், அடியில் இருக்கும் தொட்டியில் கண்ணாடி மாதிரி கெட்டி ஐஸும் இருந்தால் ஹீட்டர் ஓடுகிறது, வடிகுழாய்தான் அடைத்திருக்கிறது.

தட்டு வர மறுக்கும். நெம்பாதீர்கள், பிளாஸ்டிக் அந்தக் குளிரில் பிஸ்கட் மாதிரி உடையும். கத்தி, உளி எதுவும் காயில் பக்கம் போகக் கூடாது. அலுமினியத் தகடுகள் கையை அறுக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஹீட்டர் கண்ணாடிக் குழாயாக இருந்தால் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் ஸ்டிக்கரில் ஆர் 600ஏ என்று போட்டிருந்தால் அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும் வாயு. தீ காட்டி உருக்குகிற வேலை வேண்டவே வேண்டாம்.


குறிஞ்சிப்பூ:

கத்தி விஷயத்தில் அவர் சொல்வதைக் கேளுங்கள். எங்களுடையது ஒற்றைக் கதவு. ஃப்ரீசர் பெட்டியில் பனி மூடி ஐஸ் தட்டு ஒட்டிக்கொண்டது. அவசரம். கத்தி முனையால் ஒரு குத்து. புஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம், அரை நிமிடம் கூட இல்லை. தெர்மோஸ்டாட் குமிழ் நடுவில் டிஃப்ராஸ்ட் பொத்தான் இருந்ததே அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரியும்.


சாக்பீஸ்:

திருப்புளி சார், எட்டாம் நாள் சாயங்காலம் சத்தம் வந்தது. காத்திருந்த விருந்தாளி வந்த மாதிரி ஓடினேன்.

ஸ்க்ரூ நாலுதான். இரண்டு கண்ணுக்குத் தெரிந்தது, இரண்டு சின்ன மூடிக்குள் ஒளிந்திருந்தது. கழற்றியும் தட்டு அசையவில்லை. வெந்நீரில் முக்கிப் பிழிந்த துணியைத் தட்டின் மேல் ஒற்றி ஒற்றி எடுத்தேன். இருபது நிமிடம் கழித்து "டக்" என்று ஒரு மூலை விட்டது. உள்ளே பார்த்ததும் நானே ஒரு அடி பின்னால் வந்தேன். காயில் என்று ஒன்று தெரியவே இல்லை. பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தி வைத்த மாதிரி மேலிருந்து கீழ் வரை ஒரே வெள்ளை. விரலால் தொட்டால் மேல்பாகம் பொடிப் பொடியாக உதிர்ந்தது, உள்ளே கெட்டி. ஃபேனைச் சுற்றி மட்டும் பனி வழவழவென்று வட்டமாகச் செதுக்கியிருந்தது. இறக்கை உரசி உரசிச் செதுக்கியது. காம்பஸ் வைத்து வரைந்தாலும் அவ்வளவு சுத்தமாக வராது.

போட்டோ எடுத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து, வெந்நீர்ப் பாத்திரத்தை உள்ளே வைத்து மாற்றி மாற்றி உருக்கினேன். பேசினில் பிடித்த தண்ணீரை அளந்தேன். 1.9 லிட்டர். தரையில் போனது தனி.

ஹீட்டர் கண்ணாடிக் குழாய்தான். 230 வோல்ட், 150 வாட் என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் சுமார் 353 ஓம் வர வேண்டும். இரண்டு பக்க இணைப்பையும் பிடுங்கிவிட்டு அளந்தேன், 358. ஆக ஹீட்டர் பாஸ். தெர்மல் ஃப்யூஸ் 0.2 ஓம், அதுவும் பாஸ். பைமெட்டல் தான் தோற்றுவிட்டது. எந்தப் பக்கம் வைத்தாலும் மீட்டர் அசையவே இல்லை, முழுத் துண்டிப்பு. நாளைக்குப் போய்ப் புதியது வாங்கட்டுமா?


மீட்டர்முத்து:

வாங்கவே வேண்டாம். பைமெட்டலின் இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றி விடுங்கள். டைமர்தான் நேரம் பார்த்து நிறுத்திவிடுமே. நான் அப்படித்தான் இரண்டு வருடமாக ஓட்டுகிறேன்.


திருப்புளி:

முத்து, உங்கள் வீட்டில் இரண்டு வருடம் ஓடியது உங்கள் அதிர்ஷ்டம். அதை ஊருக்குச் சொல்லாதீர்கள். பைமெட்டல் இல்லாவிட்டால் பனி இருக்கிறதோ இல்லையோ ஹீட்டர் முழு நேரமும் எரியும். டைமர் டிஃப்ராஸ்ட்டிலேயே மாட்டிக்கொண்டால் பிளாஸ்டிக்குக்கு நடுவில் நிற்காமல் எரியும். ஃப்யூஸையும் இப்படி நேராக இணைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பின்தட்டு அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது. இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

டீச்சர், ஒரு கேள்வி. பைமெட்டலை எப்போது அளந்தீர்கள்? பனி எல்லாம் உருகிய பிறகா?


சாக்பீஸ்:

ஆமாம் சார். எல்லாம் உருகி, துடைத்து, மறுநாள் காலையில்.


திருப்புளி:

அப்படியானால் அது தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. நீங்கள் தவறான பாடத்தில் பரீட்சை வைத்துவிட்டீர்கள். நான்தான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அறை வெப்பத்தில் பைமெட்டல் துண்டித்துத்தான் இருக்க வேண்டும், அதுதான் அதன் வேலையே. அறை வெப்பத்தில் அது இணைப்புக் காட்டினால் கெட்டது. எத்தனையோ நல்ல பைமெட்டல்கள் இந்த ஒரு காரணத்தால் குப்பைக்குப் போயிருக்கின்றன. புதியது போட்டும் பத்து நாளில் பனி வந்து, "டூப்ளிகேட் பார்ட் கொடுத்துவிட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள்.

அதை உறைய வைத்து அளக்க வேண்டும். வெறும் ஐஸ் தண்ணீர் 0 டிகிரியிலேயே நிற்கும், அது போதாது. ஐஸைப் பொடித்து உப்பைத் தாராளமாகக் கலந்தால் மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே இறங்கும். பைமெட்டலை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி அதற்குள் புதையுங்கள். வயர் முனை வெளியே இருக்கட்டும். உப்புத் தண்ணீர் பட்டால் மீட்டர் பொய் சொல்லும்.


சாக்பீஸ்:

செய்தாயிற்று. சமையலறை மேசை ஆய்வுக்கூடமாகிவிட்டது.

பொடித்த ஐஸ், அதில் மூன்றில் ஒரு பங்கு உப்பு. தெர்மாமீட்டர் மைனஸ் 16 வரை இறங்கியது. பைமெட்டலைப் புதைத்து, மீட்டரை சத்தம் வரும் நிலையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஒன்றுமில்லை. நாலாவது நிமிடம் பைக்குள் "டிக்" என்றது. கூடவே மீட்டர் "பீப்" என்று கத்த ஆரம்பித்தது. அளவு 0.3 ஓம். வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். கத்திக்கொண்டே இருந்தது, கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒரு "டிக்", அமைதி.

ஒரு நல்ல பிள்ளையை ஃபெயில் ஆக்கப் பார்த்தேன். அதன் இடத்திலேயே மறுபடி மாட்டிவிட்டேன்.

அப்படியானால் பாக்கி இருப்பது டைமர் மட்டும்தானே? அது எங்கே இருக்கும், எப்படிச் சோதிப்பது?


திருப்புளி:

ஒவ்வொரு மாடலிலும் ஒவ்வொரு இடம். கீழ்த்தட்டு மேற்கூரையில் லைட்டுக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் பின்னால், அல்லது கீழே முன்பக்க ஜாலிக்குப் பின்னால், அல்லது பின்புறம் கம்ப்ரசர் அருகில். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா, நாலு வயர், நடுவில் ஸ்க்ரூடிரைவர் நுழைகிற காடி வெட்டிய ஒரு தண்டு. அந்தத் தண்டுதான் உங்களுக்கு வேண்டியது.

இரண்டு சோதனை. முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தண்டின் மேலும், பக்கத்தில் டப்பாவின் மேலும் நேராக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மூடி, பிளக்கைப் போட்டு, கம்ப்ரசர் ஓடுகிறதா என்று உறுதி செய்துகொண்டு சில மணி நேரம் விடுங்கள். மறுபடி பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் டைமர் உயிரோடு இருக்கிறது. சில மாடலில் கம்ப்ரசர் ஓடும்போது மட்டுமே டைமரும் ஓடும், அதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது, காயில் நன்றாகக் குளிர்ந்த பிறகு தண்டை ஸ்க்ரூடிரைவரால் கடிகாரச் சுற்றில் மெதுவாகத் திருப்புங்கள். எதிர்ச்சுற்றில் திருப்பினால் உடையும். ஒரு இடத்தில் "டக்" என்று விழும். பிளக்கைப் போட்டால் லைட் எரியும், கம்ப்ரசரும் ஃபேனும் ஓடாது. அதுதான் டிஃப்ராஸ்ட் நிலை. கொஞ்ச நேரத்தில் ஃப்ரீசர் பின்னாலிருந்து சூடான கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம் வர வேண்டும். காயில் குளிராமல் இதைச் செய்தால் பைமெட்டல் வழி விடாது. ஹீட்டர் போய்விட்டது என்று நீங்கள் மறுபடி ஏமாறுவீர்கள்.


நீலவானம்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஃப்ரிட்ஜிலும் பத்து நாளுக்கு ஒரு முறை இதே தொல்லை. ஆனால் தேடிப் பார்த்தேன், டைமரே இல்லை. பின்னால் ஒரு சர்க்யூட் போர்டு இருக்கிறது. போதாக்குறைக்குக் காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறது.


திருப்புளி:

நீலவானம், உங்களுடையதில் டைமர் வேலையைப் போர்டு செய்கிறது. கதவு எத்தனை முறை திறந்தது, கம்ப்ரசர் எவ்வளவு ஓடியது என்று பார்த்து எப்போது உருக்க வேண்டும் என்று அதுவே முடிவு செய்யும். பைமெட்டலுக்குப் பதில் காயிலில் ஒரு சென்சார் இருக்கும். அதன் ஓம் குளிரக் குளிர ஏறும், சூடாகச் சூடாக இறங்கும். அறை வெப்பத்தில் ஒரு முறை, ஐஸ் தண்ணீரில் ஒரு முறை அளந்து மாடலின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். எண் மாறவே இல்லையென்றால் சென்சார் போய்விட்டது. பல மாடல்களில் பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி டிஃப்ராஸ்ட்டை வலுக்கட்டாயமாகத் தொடங்கலாம். எந்தப் பொத்தான் என்பது மாடலுக்கு மாடல் வேறு. அந்த விவரத்தாள் கம்ப்ரசர் மூடிக்குப் பின்னாலோ அடிப்பக்க ஜாலிக்குள்ளோ மடித்துச் செருகியிருக்க வாய்ப்புண்டு, தேடிப் பாருங்கள். போர்டை மாற்றுவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் என்றால் வடிகுழாய். காயிலுக்கு அடியில் தொட்டியின் நடுவில் ஒரு துளை இருக்கும், அது உறைந்து அடைத்தால் தண்ணீர் உள்ளே வழியும். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் வெந்நீர் எடுத்துத் துளையில் மெதுவாக விடுங்கள், "களக்" என்று பின்புறம் கம்ப்ரசர் மேல் இருக்கும் தட்டில் விழும் வரை. கொதிக்கிற நீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளையும். திரும்பத் திரும்ப உறைந்தால், ஹீட்டரிலிருந்து துளைக்குள் இறங்குகிற ஒரு சின்ன அலுமினியத் துண்டு இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா மாடலிலும் இருக்காது. இருந்தால் அதுதான் ஹீட்டரின் சூட்டைத் துளைக்குக் கொண்டுபோகும். முன்பு யாராவது கழற்றி மாட்டும்போது அதை விட்டிருப்பார்கள்.


சாக்பீஸ்:

டைமர் எங்கள் வீட்டில் கீழ்த்தட்டுக் கூரையில், லைட்டுக்குப் பின்னால். என்னிடம் வேறு என்ன இருக்கப் போகிறது, சாக்பீஸைக் கூராகச் சீவி ஒரு வெள்ளைக் கோடு போட்டேன். டப்பா மேலேயே 8 மணி நேரம் என்று அச்சிட்டிருந்தது. சுற்றுக்கு எட்டு மணி நேரம் என்றால் மணிக்கு 45 பாகை. நாலு மணி நேரம் கம்ப்ரசர் நிற்காமல் ஓடியது, பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். கோடு அரைவட்டம் நகர்ந்திருக்க வேண்டும். திறந்து பார்த்தால் வைத்த இடத்தில் வைத்தபடி.

பிறகு சொன்னபடி தண்டைத் திருப்பினேன். "டக்". பிளக்கைப் போட்டதும் வீடே அமைதியானது. ஒரு மாதமாக அந்தக் கம்ப்ரசர் சத்தம் காதுக்குப் பழகிவிட்டது, அது நின்ற பிறகுதான் எவ்வளவு சத்தம் என்று தெரிந்தது. ஃப்ரீசருக்குள் தலையை விட்டுக் கேட்டேன். மூன்றாவது நிமிடம் "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு துளி. பிறகு அடுத்தடுத்து. பின்தட்டின் துவாரங்கள் வழியே லேசான செம்மஞ்சள் ஒளி. ஏழு வருடமாக வீட்டில் இருக்கும் ஒன்றை முதல் முறையாகப் பார்த்தேன்.

டைமருக்குள் இருக்கும் மோட்டாரின் இரண்டு முனைகளையும் அளந்தேன். முழுத் துண்டிப்பு. இதையும் குளிர வைத்து அளக்க வேண்டுமோ என்று ஒரு நிமிடம் பயந்துவிட்டேன்.


திருப்புளி:

வேண்டாம் டீச்சர், இது நிஜமாகவே ஃபெயில். நல்ல மோட்டாரில் சில ஆயிரம் ஓம் காட்டும். டப்பா மேல் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே வோல்ட், அதே நேரம், அதே முனை வரிசை உள்ள டைமராக வாங்குங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்து வயர் வரிசை மாறியவை உண்டு, பழையதைக் கையில் கொண்டுபோவது நல்லது. வயரைக் கழற்றும் முன் போட்டோ.

மாட்டுவதற்கு முன்னால் காயிலில் ஒரு பொட்டுப் பனி இல்லாமல் உருக்கிவிடுங்கள். "புது டைமர் வந்துவிட்டது, அதுவே உருக்கிக்கொள்ளும்" என்று விட்டுவிடாதீர்கள்.


சாக்பீஸ்:

அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிட்டேன். 150 வாட் ஹீட்டர் 20 நிமிடம் எரிந்தால் 180 கிலோஜூல். ஒரு கிலோ ஐஸை உருக்க 334 கிலோஜூல் வேண்டும். ஒரு துளிச் சூடும் வீணாகாவிட்டால்கூட ஒரு தடவைக்கு அரை கிலோ சொச்சம்தான். நான் பிடித்தது 1.9 லிட்டர். பாதி உருகி, மறுபடி கம்ப்ரசர் ஓடி, அந்தத் தண்ணீர் கெட்டி ஐஸாகி முன்பைவிட மோசமாகும். சரிதானே?


திருப்புளி:

இத்தனை வருடம் "முழுசாக உருக்குங்கள்" என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்கு இப்போதுதான் தெரிகிறது.


மீட்டர்முத்து:

பைமெட்டல் மாற்றிவிட்டேன். பழைய டேப்பைப் பிரித்தபோது வயர் மேல் உறை பழுப்பேறி நொறுங்கியது. வேறொன்றும் சொல்வதற்கில்லை.


சாக்பீஸ்:

ஐந்து வாரம் ஆகிவிட்டது, அதனால் எழுதுகிறேன். புது டைமர் மாட்டிய முதல் வாரம் தினமும் இரண்டு வேளை தெர்மாமீட்டர் பார்த்தேன். 4, 4, 3, 4. ஒன்பதாம் நாள் இரவு தூங்கவில்லை. பத்தாம் நாள் காலையில் 4. பின்பக்கம் குனிந்து டார்ச் அடித்தால் கம்ப்ரசர் மேல் தட்டில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. முன்பு அது காய்ந்து தூசி படிந்து கிடந்தது, அப்போதே கவனித்திருக்கலாம். கம்ப்ரசர் இப்போது ஓடி ஓடி நிற்கிறது. முதல் முறை நின்றபோது கரண்ட் போய்விட்டது என்று நினைத்து லைட்டைப் போட்டுப் பார்த்தேன்.

கேஸ் நிரப்பச் சொன்னவர் போன வாரம் வேறு வேலையாக இந்தப் பக்கம் வந்தார். போட்டோக்களைக் காட்டினேன். காயில் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தட்டைக் கழட்டியிருக்கணும்" என்றார். அந்தப் போட்டோவைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

பழைய டைமரைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. பிரித்துப் பார்த்தேன். உள்ளே தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பிச் சுருள், முனைக்குப் போகிற இடத்தில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி. அங்கேதான் அறுந்திருக்கிறது. மற்றபடி வெள்ளைப் பற்சக்கரங்கள் எல்லாம் புத்தம் புதிதாக இருக்கின்றன. எட்டாம் வகுப்பில் விகிதம் நடக்கிறது. மோட்டார் எத்தனை சுற்று சுற்றினால் கடைசிச் சக்கரம் ஒரு சுற்று வரும் என்று பல்லை எண்ணிச் சொல்லச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மூன்று குழுவும் மூன்று விடை கொண்டுவந்திருக்கிறது. நாளைக்குப் பூதக்கண்ணாடி எடுத்துப்போக வேண்டும்.